எபினேசர் பாடி வரவேற்றார்

எபினேசருக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்தும் திக்காது. 'ப', 'க' இரண்டும்தான் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கும். பாகற்காய் வாங்கக் கடைக்குப் போய், கடைக்காரர் காத்திருக்க, பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க, கடைசியில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அவருடைய மனைவி ரோசம்மாள் கல்யாணமான நாளிலிருந்து வாரத்தில் நான்கு நாள் வெண்டைக்காய்தான் சமைக்கிறாள்.

ஆனால் பாட்டில் அவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாகப் போக, சபையிலிருந்து கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் முன்குரல் அவர்தான். மற்ற பதினொரு மாதமும் வாயைத் திறக்காத மனுஷன், அந்த ஒரு மாதம் ஊரையே எழுப்பிவிடுவார்.

அவர் வேலை செய்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில். பழைய இரும்பு கொட்டிக் கிடக்கும் யார்டில் காந்தக் கிரேன் ஓட்டுவார். இருபத்தைந்து வருஷமும் கான்ட்ராக்ட் ஆள்தான். அந்த வேலை அவருக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. நாற்பது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. பேச ஆளில்லை. கீழேயிருந்து கையைக் காட்டுவார்கள், மேலேயிருந்து இவர் ஹாரன் அடிப்பார். எட்டு மணி நேரமும் 'ப', 'க' எதுவும் தேவைப்படாது.

கூண்டிலிருந்து பார்த்தால் ஆலைச் சுவருக்கு அப்பால், ஆலையின் சுடுநீர் போய் விழும் ஏரி தெரியும். ஏரியை ஒட்டி துளசிராமனுடைய நெல் வயல். எபினேசரின் அப்பா அந்த வயலில்தான் கூலிக்கு நாற்று நட்டவர், அறுத்தவர், ஐப்பசி பிறந்தால் வரப்பில் கண்ணி வைத்து உள்ளான் குருவி பிடித்தவர். அதனால் ஆரம்பத்தில் எபினேசர் பறவைகளைப் பார்த்த பார்வை ஓட்டல் பலகையைப் பார்க்கிற பார்வைதான். இது வறுவலுக்கு, இது குழம்புக்கு, இது வேகவே வேகாது. வருஷம் போகப் போக, மேலேயிருந்து பார்த்துப் பார்த்து, எது எப்போது வரும், எது எந்தக் கரையில் இறங்கும், எது யாரோடு சண்டை போடும் என்பதெல்லாம் பழகிவிட்டது. வறுவல் ஞாபகம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வருஷமும் முதல் உள்ளான் கூட்டம் இறங்கிய தேதியைக் கூண்டின் உள்சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பார். பக்கத்திலேயே ஏறக்குறைய எத்தனை என்று ஓர் எண். ஒவ்வொரு வரியும் மேலே இருந்ததைவிடச் சின்ன எண்ணாகவே இருந்தது. கடைசி மூன்று வரிகளில் தேதியே இல்லை, கோடு மட்டும்தான்.

இந்தச் சமயத்தில் ஆலை இரண்டாவது உலை போட அனுமதி கேட்டது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

துளசிராமன் வண்டியை எடுத்துக்கொண்டு எபினேசர் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"எபி, நீ பேசணும்டா. நாங்க பேசுனா நெலத்துக்காகப் பேசுறான்னுவாங்க. நீ உள்ள வேல செய்றவன். அந்தப் பறவ கணக்கெல்லாம் எழுதி வச்சிக்கினுகீறியாமே, அத்த எடுத்துச் சொல்லு."

எபினேசர் தலையை ஆட்டிவிட்டார். ஆட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவர் தீர்மானிப்பதற்குள் துளசிராமன், "செட்டு, அப்ப பேசுற" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஷிப்டுக்கு ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூண்டுக்கு ஏறினார் எபினேசர். கதவைத் திறந்ததும் புது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. கூட்டத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஆலையையும் சுற்றிப் பார்ப்பார்கள் என்று எல்லாக் கிரேனுக்கும் உள்ளும் புறமும் பச்சை அடித்திருந்தார்கள். சாக்பீஸ் எழுத்து ஒன்றுகூட இல்லை. நல்ல இலைப் பச்சை. கையை வைத்தால் ஒட்டியது.

"பேஜாராப்போச்சு" என்றாள் ரோசம்மாள், சாயங்காலம் இதைக் கேட்டு. "உட்டுத் தொலைங்க. வாயும் வராது, கணக்கும் இல்ல. அப்புறம் எதுக்கு அங்க போய்க்கினு?"

ரோசம்மாள் சொன்னது நியாயம். அப்படித்தான் விட்டுவிடலாம் என்று அவரும் இருந்தார். ஆனால் எண்கள் போனாலும் பறவைகள் தலைக்குள் நின்றுகொண்டிருந்தன. அடுத்த நான்கு நாள் கூண்டில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கிக்கொண்டும் போட்டுக்கொண்டும் அவர் ஒரு பாட்டுக் கட்டினார். மெட்டுப் போட அவருக்குத் தெரியாது. தெரிந்த மெட்டு கேரல் மெட்டுதான், அதிலும் கைதட்டிக்கொண்டு போகிற மெட்டு. சோகப் பாட்டுக்கு அது பொருந்துமா என்று அவர் யோசிக்கவில்லை. வார்த்தை உட்கார்ந்தது, அது போதும் என்று இருந்துவிட்டார்.

கூட்டத்தன்று ஆலையில் வேலையை நிறுத்தி, எல்லா ஆட்களையும் பஸ்ஸில் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்பினார்கள். ஏறும்போது ஆளுக்கு ஒரு பச்சை டீ-ஷர்ட். நெஞ்சில் 'பசுமை நம் கடமை' என்று எழுதியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல எபினேசருக்குத் தோன்றவில்லை. நல்ல துணி வேறு.

மண்டப மேடையில் முதல் நாள் கல்யாணத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பூத்தோரணம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அதிகாரிகள் மாப்பிள்ளை வீட்டார்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேஜை. அங்கே ஆலை அமர்த்தியிருந்த ஏஜென்சிக்காரர், யார் என்ன பேசுகிறார்கள் என்று லேப்டாப்பில் பதிந்துகொண்டிருந்தார். துளசிராமன் கால்மணி நேரம் பேசினார். ஏரி, நீர், பூமித்தாய், எதிர்காலச் சந்ததி எல்லாம் வந்தன. கடைசி இரண்டு நிமிஷம் சென்ட் என்ன விலைக்குப் போகிறது என்பதும் வந்தது.

எபினேசர் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார். 'பறவை' என்று ஆரம்பிக்க வேண்டும். 'ப' வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. ஃபேன் ஓடும் சத்தம் மைக்கில் கேட்டது.

"பரவாயில்லீங்க, மெதுவா சொல்லுங்க" என்றார் நடுவில் இருந்த அதிகாரி. நல்ல மனுஷன்.

எபினேசர் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிட்டார்.

*ஐப்பசிக்கு வந்த கூட்டம் ஆளக் காணோம், ஆளக் காணோம்*
*ஏணி வச்சு எட்டிப் பாத்தேன், ஏரி மேல எதையும் காணோம்*

குரல் மண்டபத்தின் மூலைவரை போனது. பின்வரிசையில் சபைப் பையன்கள் சிலர் பச்சை டீ-ஷர்ட்டில் இருந்தார்கள். மெட்டு காதில் விழுந்ததும் அவர்களுக்குக் கை தானாகத் தட்டிவிட்டது. டிசம்பர் பழக்கம்.

*உள்ளான் வந்தா எங்க ஊட்டில் உப்பு மொளகா அரைப்போமே*
*தின்ன வாயே பாடுதின்னு திட்டுனாலும் பொறுப்போமே*

இதற்கு மண்டபமே சிரித்தது. பெரியவர் ஒருவர் எழுந்து, "அப்டிப் போடு!" என்றார். கைதட்டல் நான்கு வரிசை முன்னால் வந்துவிட்டது.

*சுடு தண்ணி ஊத்துறீங்க, சுத்துச் சுவரு ஏத்துறீங்க*
*மூக்க வைக்க எடமில்லன்னு மூட்ட கட்டிப் போனதுங்க*

அதிகாரியின் பேனாகூட மேஜையில் தாளம் தட்டியது. மைக் கீச்சிட்டது. கடைசி இரண்டு வரி கைதட்டலிலும் விசிலிலும் யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

*கேட்டுக்கினு போற சாரே, கேட்டபடி எழுதுங்க*
*எபினேசர் சொன்னான்னு எம் பேரப் போட்டே எழுதுங்க*

மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "வேல போச்சு. நல்லாத்தான் பாடுனீங்க. ஆனா வேல போச்சு."

இரண்டு வாரம் அவர் மேனேஜர் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கான்டீனில் ஆட்கள் கூடப் பிறந்தவர்கள்போலத் தோளில் தட்டினார்கள். அவருக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியும் ஒருத்தனும் கோபப்படவில்லையே.

மூன்றாவது வாரம் காரணம் தெரிந்தது. அவருடைய மகள் ஜெபா இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள். கூட்டத்தின் அறிக்கையை இணையத்தில் போட்டிருந்தார்கள். அவள் அதைப் பிரின்ட் எடுத்து வந்து வாசலிலேயே நின்று படித்தாள்.

"நைனா, பதினேழாவது ஆளு நீ. கேளு. 'திரு. எபினேசர், ஆலை ஊழியர். பாடல் பாடித் திட்டத்தை வரவேற்றார். இப்பகுதியின் பறவை வளத்தைச் சிறப்பித்தார். நிர்வாகத்தின் பதில்: நன்றி தெரிவிக்கப்பட்டது.'"

எபினேசர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

"துளசிராமன் ஐயாவுக்கு இன்னா போட்டுகீறான்?" என்றாள் ரோசம்மாள்.

"'நிலத்துக்கு நல்ல விலை கேட்டார். பதில்: பரிசீலிக்கப்படும்.'"

"அது கரெக்ட்டாத்தான் எழுதிகீறான்" என்றாள் ரோசம்மாள்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு, ஜெபாவையும் அழைத்துக்கொண்டு ஏஜென்சி அலுவலகத்துக்குப் போனார் எபினேசர். பஜாரில் ஒரு மாடியில் இருந்தது. ஏஜென்சிக்காரர் நாற்காலி போட்டு டீயும் சொன்னார்.

"சார், எங்க நைனா வரவேக்கல" என்றாள் ஜெபா. "எதிர்த்துப் பாடுனாரு."

"எதிர்த்தா?" அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். லேப்டாப்பைத் திருப்பி வீடியோவைக் காட்டினார். பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் கண்ணை மூடிப் பாடுகிறார். சுற்றிலும் பச்சைச் சட்டைக்காரர்கள் கைதட்டுகிறார்கள், ஒருவன் ஆடுகிறான். ஒலி மட்டும் இல்லை. கூட்டம் தொடங்கியதுமே மைக் கீச்சிட்டதால் ஆடியோ ஆள் கேமரா ஒயரைப் பிடுங்கிவிட்டானாம். "நீங்களே பாருங்கம்மா. இத்தப் பாத்தா இன்னான்னு எழுதுவீங்க?"

ஜெபா பார்த்தாள். அவளுக்கும் அது வரவேற்பாகத்தான் தெரிந்தது.

"ஆனா வார்த்தைங்க சார், பாட்டுல வார்த்தைங்க இருக்குதே."

"பேரு போட்டு எழுதுங்கன்னு சொன்னது நல்லா ஞாபகம் இருக்குது. போட்டுட்டனே." அவர் எபினேசரைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "எதிர்ப்புன்னா எழுத்துல குடுத்திருக்கணும்ணே. கெடு போன வாரத்தோட முடிஞ்சிது. பாட்டுக்கெல்லாம் கட்டம் ஒண்ணு இல்ல எங்க ஃபார்ம்ல. ஆதரவு, எதிர்ப்பு, கோரிக்கை, அவ்ளோதான்."

எபினேசர் வாயைத் திறந்தார். முதல் வார்த்தை 'க'வில் ஆரம்பித்தது. டீ ஆறும்வரை முயன்றார். பிறகு எழுந்துவிட்டார்.

ஜெபா மனு எழுதி மேலே அனுப்பினாள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் பெயர் ஏற்கெனவே ஆதரவாளர் பட்டியலில் இடம்பெற்றுள்ளதால், அதே நபரின் எதிர்ப்பைப் பதிவு செய்ய வழியில்லை' என்று கையெழுத்தோடு இருந்தது. அந்த வாரமே இரண்டாவது உலைக்குப் பூமி பூஜை போட்டார்கள். துளசிராமன் ஏரியை ஒட்டிய வயலை ஆலைக்கே விற்றுவிட்டுத் திருவள்ளூரில் வீடு கட்டப் போனார். போகும்முன் எபினேசரிடம், "நம்ம குரல கேட்டானுங்களாடா? கேக்கல" என்று நொந்துகொண்டார். பரிசீலனை அவருக்கு நல்லபடியாகவே முடிந்திருந்தது.

மே மாதம் எச்.ஆர். ஆபீஸிலிருந்து பரத் கூப்பிட்டனுப்பினார். சென்னைப் பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, எல்லோரையும் 'அண்ணா' என்பார்.

"அண்ணா, உங்க சாங் செம்மைணா. வீடியோ பாத்தேன். சுற்றுச்சூழல் தினத்துக்கு எம்.டி. வர்றாரு. மேடையில நீங்க பாடணும். ஃபுல்லா பாடுங்க, கட் பண்ணாதீங்க."

ரோசம்மாள் போகவேண்டாம் என்றாள். ஜெபா போகச் சொன்னாள். "இந்தத் தபா மைக் நல்லா இருக்கும் நைனா. ஒவ்வொரு வார்த்தையா புரியுற மாதிரி பாடு." எபினேசருக்கும் அதுதான் எண்ணம். மெட்டையும் மாற்றிக்கொண்டார். கைதட்ட முடியாதபடி இழுத்து இழுத்துப் பாடப் பழகினார்.

விழாவன்று அப்படியே பாடினார். 'சுடு தண்ணி ஊத்துறீங்க' என்ற இடத்தில் எம்.டி. பக்கமாகக் கையையே நீட்டிவிட்டார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஒரு நொடி ரோசம்மாளின் பயம் பலித்துவிட்டது போலிருந்தது.

எம்.டி. எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தமிழ் தெரிந்தவர், வார்த்தைக்கு வார்த்தை புரிந்திருந்தது. மைக்கை வாங்கிச் சொன்னார்: "நம்ம குடும்பத்துல ஒருத்தர் இவ்ளோ தைரியமா கேட்டாரு பாருங்க. இதுதான் நம்ம கம்பெனி. இதுக்குப் பதில் நாம சொல்லணும். இங்க ஒரு பறவைப் பூங்கா வரும்."

கைதட்டல் மண்டபத்தில் வாங்கியதைவிடப் பெரிதாக இருந்தது. சால்வை போர்த்தினார்கள். மாசக் கடைசியில் வேலை நிரந்தர ஆர்டரும் வந்தது. ரோசம்மாள் அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்தாள். பி.எஃப்., மருத்துவ கார்டு எல்லாம் உண்டு என்று ஜெபா படித்துச் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. எபினேசருக்கும் எழவில்லை. அதற்குத் திக்கலைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பூங்கா வந்தது, துளசிராமனின் பழைய வயலில். பறவைகளும் வந்தன, ஃபைபரில், லாரியில் ஏற்றிக்கொண்டு. எது எந்தப் பறவை என்று சரிபார்க்க எபினேசரைக் கூப்பிட்டார்கள். உள்ளான் வாத்து அளவுக்கு இருந்தது. நத்தைகுத்தி நாரையின் அலகு ஒட்ட மூடியிருந்தது. அது மூடவே மூடாது, நடுவில் ஒரு சந்து இருக்கும், அதை வைத்துத்தான் அது நத்தையை இடுக்கும். எபினேசர் காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். செய்தவன் முணுமுணுத்தான். பரத்தோ, "அண்ணா சொன்னா சொன்னதுதான்" என்று எட்டு நாரைகளையும் திருப்பி அனுப்பி அலகைத் திறக்க வைத்தார். எபினேசருக்கு அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவரையே பூங்காவுக்கு மேற்பார்வையாளராகப் போட்டுவிட்டார்கள். நிழலில் வேலை. காக்கை எச்சத்தைக் கழுவ வேண்டும், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், விருந்தாளி வந்தால் பாட வேண்டும். பாட்டை ஒரு குழுவை வைத்து ரெக்கார்டும் செய்து வாசல் கேட்டில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டார்கள், பழைய கைதட்டு மெட்டிலேயே. அந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸில் அவர் அந்தப் பழைய கேரல் மெட்டை எடுத்ததும் சபைப் பையன் அன்புராஜ் நெளிந்தான். "இது வேணாம் அங்கிள். கம்பெனி பாட்டுன்றாங்க." வேறு பாட்டு எடுத்தார்கள்.

போன கார்த்திகையில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் காய்ச்சல். ஒரு ஷிப்டுக்கு எபினேசரை ஏறச் சொன்னார்கள். முட்டி வலிக்க வலிக்க ஏறினார். மதியம் போல ஏரிப் பக்கம் திரும்பியவர் காந்தத்தை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். சுடுநீர் விழும் வாய்க்காலுக்கு எதிர்க்கரையில், கருவேல மரங்களுக்குப் பின்னால், ஆலையிலிருந்து வேறு யாருக்கும் தெரியாத ஒரு சேற்றுத் திட்டில், உள்ளான்கள். எண்ணினார். பதினான்கு. சேற்றைக் குத்திக்கொண்டு, ஓடிக்கொண்டு, ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு இருந்தன. கீழேயிருந்து கையைக் காட்டிக்காட்டி அலுத்துப்போய்க் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

சாயங்காலம் இறங்கியபோது பரத் லேப்டாப்போடு எதிரே வந்தார். வருஷ அறிக்கைக்காக அலைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, மேலேர்ந்து ஏரி தெரியும்ல? பறவை ஏதாச்சும் பாத்தீங்களா? ஒண்ணு ரெண்டு இருந்தாலும் போதும்ணா. பூங்கா வந்தப்புறம் திரும்பி வந்துச்சுன்னு போட்டுக்கலாம். மூணாவது உலைக்கு ஃபைல் போகுது, ரொம்ப யூஸாகும்."

"இல்ல" என்றார் எபினேசர்.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணும் இல்ல."

வேலையில் சேர்ந்ததிலிருந்து பறவைக் கணக்கில் அவர் சொன்ன முதல் பொய் அது. பரத் முகம் வாடினார். பிறகு மோவாயைச் சொறிந்துகொண்டு எதையோ டைப் செய்தார். என்ன எழுதினார் என்று எபினேசர் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.